நகராத மிதிவண்டி



தெருவிலே சாணை பிடிப்பவர் வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வேப்பமர நிழலில் தம் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துவார். பின்சக்கரத்திலிருந்து ஒரு வார்ப்பட்டை சாணைக்கல்லுக்குச் செல்லும். இருக்கையில் அமர்ந்து அவர் மிதிக்கத் தொடங்கினால் கல் சுழலும். அரிவாள்மணையின் அலகிலிருந்து பொறி பறக்கும். அவருடைய கால்கள் ஒரு நாளில் பல மைல் தூரம் ஓட்டிய அளவுக்கு உழைத்திருக்கும். வண்டியோ நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

அவரைப் பார்த்து நாங்களும் சிறு வயதில் வீட்டுச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி மிதித்ததுண்டு. "எங்கேடா போகிறாய்?" என்று ஆயா கேட்பாள். "பட்டணத்துக்கு" என்போம். ஆனால் எங்களுக்கும் சாணைக்காரருக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அவர் கத்தியைக் கல்லின்மேல் அழுத்துகிறார். அந்த அழுத்தத்தை எதிர்த்து அவர் கால் உழைக்கிறது. எங்கள் சக்கரத்துக்கு எதிர்ப்பு ஏதும் இல்லை. ஒருமுறை வேகம் பிடித்தபின் அது தானே சுற்றியது; எங்கள் கால்கள் அதன் பின்னே சும்மா சுற்றின. எதிர்ப்பு இல்லாத இடத்தில் பயிற்சியும் இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டினுள்ளே மிதிவண்டிப் பயிற்சிக்கு ஓர் இடம் அமைப்பது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உத்திரமேரூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், என்னிடம் பயின்ற ஒரு மாணவியின் வீட்டில், தவறுகள் பல செய்து நான் கற்றுக்கொண்டது இது. நூலைப் படித்துச் சொல்வதாக எண்ண வேண்டாம்.

ஆண்டுதோறும் அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டங்களில் மாணவ மாணவியருக்கு மிதிவண்டிப் போட்டிகள் நடத்துகிறது. பதினேழு வயதுக்கு உட்பட்ட மாணவியர் 15 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இப்போட்டியில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. இந்தியாவில் செய்யப்பட்ட சாதாரண மிதிவண்டியைத்தான் ஓட்ட வேண்டும். பல்லிணை மாற்றும் விலையுயர்ந்த வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி வைத்திருக்கும் கிராமத்துப் பெண்ணும், வசதி படைத்த வீட்டுப் பெண்ணும் ஏறத்தாழ ஒரே கருவியோடு கோட்டில் நிற்கிறார்கள்.

நான் சொன்ன மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் ஏரிக்கரையை ஒட்டிய சாலையில் பயிற்சி செய்வாள். அந்தச் சாலையில் ஓட்டச் சொன்னவன் நான். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் மாலை, மேற்கே மின்னி இடித்து மழை பிடித்துக்கொண்டது. அவள் விரைந்து வீடு திரும்புகையில், பின்விளக்கு இல்லாத ஒரு டிராக்டர் வண்டி சாலையோரம் நின்றிருந்தது. அதைக் கண்டு திருப்பியபோது சக்கரம் வழுக்கி வாய்க்காலில் விழுந்தாள். இடக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குச் சென்றேன். "சார், இனிமேல் இவளை ரோட்டுக்கு அனுப்பமாட்டேன். பந்தயமும் வேண்டாம், பரிசும் வேண்டாம்" என்றார் அவள் தாயார். நான் மறுமொழி கூறவில்லை. என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்தப் பெண் மட்டும், வாசற்படியில் என்னை வழியனுப்ப வந்தபோது, "கைதானே சார் உடைந்தது, கால் இல்லையே" என்றாள்.

அந்தச் சொல் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நகராத மிதிவண்டியைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். அது புதிதன்று. லண்டன் மாநகரில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர், நோயாளிகளின் கைகால்களுக்கு இயக்கம் கொடுப்பதற்காக நின்ற இடத்திலேயே மிதிக்கும் பொறி ஒன்றை 1796-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். இருசக்கர வண்டியின் முன்னோடியை ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டியது 1817-ஆம் ஆண்டில். ஆகவே ஓடும் வண்டிக்கு முன்பே ஓடாத வண்டி பிறந்துவிட்டது! பின்னர் டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஆகஸ்டு குரோக் 1913-ஆம் ஆண்டில், மின்காந்தத்தால் தடை உண்டாக்கும் நிலைமிதிவண்டி ஒன்றை அமைத்து, உழைக்கும் மனிதனின் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் அளந்தார். 1920-இல் நோபெல் பரிசு பெற்ற அதே குரோக்தான் இவர்.

அந்தப் பெண்ணின் நிலைக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்றும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மாத்யூ ஹேமன் என்ற பந்தய வீரர் 2016 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு, கார் நிறுத்தும் கொட்டகையில் வண்டியை நிலையாகப் பொருத்தி, வாரக்கணக்கில் மிதித்தார். ஏப்ரல் 10-ஆம் தேதி நடந்த பாரிஸ்-ரூபே பந்தயத்தில், 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைக் கருங்கல் பாவிய பாதைகள் வழியே கடந்து, அதுவரை நான்கு முறை வென்றிருந்த டாம் பூனனையும் முந்தி முதலாவதாக வந்தார். இச்செய்தியை அந்தத் தாயாரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்து, "வீட்டை விட்டு வெளியே போகாதென்றால் சரி" என்றார். எலும்பு மருத்துவரும் இரண்டு வாரம் கழித்து, கைப்பிடியில் பாரம் போடாமல் மிதிக்கலாம் என்று இசைவு தந்தார்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்கள் 'டிரெய்னர்' என்று கூறும் இரும்புத் தாங்கி ஒன்றைச் சென்னையிலுள்ள நண்பர் ஒருவர் பழையதாகக் கொடுத்தார். பின்சக்கரத்தின் அச்சை அது இரு பக்கமும் கவ்விப் பிடித்துத் தரையிலிருந்து தூக்குகிறது. டயர் ஓர் உருளையின்மேல் அழுந்திச் சுழல்கிறது. உருளையோடு ஓர் அலுமினியத் தட்டு காந்தங்களுக்கிடையே சுற்றுகிறது. காந்தப் புலத்தில் உலோகத் தட்டு சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகி, அவை சுழற்சியைத் தடுக்கின்றன என்று பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகத்தில் நீங்கள் படிக்கிறீர்கள். சாணைக்காரர் கத்தியை அழுத்திப் பெறும் தடையை இங்கே காந்தம் தருகிறது. அந்தத் தட்டு சூடேறும். ஓட்டி முடித்தவுடன் தொட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

நம் ஊர்ச் சாதாரண வண்டிக்காகச் செய்யப்பட்ட கருவி அன்று அது. பின் ஸ்டாண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அச்சின் நட்டுகள் கவ்விகளில் சரியாக அமரவில்லை. உத்திரமேரூரில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர் கிண்ணம்போல் இரண்டு இரும்பு மூடிகளைக் கடைந்து கொடுத்தார். பின்சக்கரம் உயர்ந்துவிட்டதால் வண்டி முன்புறம் சரிந்தது. முன்சக்கரத்தின் அடியில் அதே உயரத்துக்கு ஒரு பலகை வைத்தோம். இவ்வளவும் அரை நாள் வேலை. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான இடர் அதன்பிறகே தொடங்கிற்று.

எங்கே வைப்பது?

திண்ணையிலே காற்று நன்றாக வரும். ஆனால் அது தெருவைப் பார்த்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று, ஓடாத வண்டியை ஒரு பெண் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அங்கே வேண்டாம் சார்" என்று அவளே சொல்லிவிட்டாள். அவளுக்கு ஏற்ற இடமாகத் தோன்றியது உரமூட்டைகள் வைத்திருந்த உள்ளறை. சிமெண்டுத் தளம் போட்ட கூரை, ஒரு சிறு சன்னல், கதவைச் சாத்திக்கொள்ளலாம், யாரும் பாரார். நானும் இசைந்தேன். அது என் இரண்டாவது தவறு.

முதல் நாள் மாலை இருபது நிமிடம் மிதித்தாள். நான் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நிமிடத்தில் 15 விநாடிக்கு 36 இருந்தது. அதே வேகம், அதே தடை. இருபதாம் நிமிடத்தில் 42. முகம் சிவந்து, தலை சுற்றுகிறது என்று இறங்கி உட்கார்ந்துவிட்டாள். கட்டுப்போட்ட கையினுள் வியர்வை நிரம்பி அரித்தது. சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டக்கூடிய பெண், அறைக்குள் இருபது நிமிடத்தில் சோர்ந்தது ஏன்?

மனிதத் தசை அவ்வளவு திறமையான எந்திரம் அன்று. அது செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மிதியைச் சென்று சேர்கிறது. எஞ்சியவை வெப்பமாகின்றன. மிதியில் 100 வாட் அளவுக்கு வேலை செய்கிறவர் உடலில் 300 வாட் வெப்பம் பிறக்கிறது. அறுபது வாட் குண்டு விளக்குகள் ஐந்தை ஏற்றி ஒரு சட்டைக்குள் வைத்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். இந்த வெப்பத்தை வெளியேற்ற, நம் நாட்டுத் தட்பவெப்பத்தில், உடலுக்கு வியர்வையே பெருந்துணை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. கணக்குப் போட்டால், மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை ஆவியானால் 300 வாட் வெப்பமும் நீங்கிவிடும்.

ஆவியானால் என்று சொன்னேன். சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்மீது, காற்றே அசையாத நாளிலும், விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. அது ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. மூடிய அறையில் அந்தக் காற்று இல்லை. மேலும், ஓட்டுகிறவரின் வியர்வையே அறையின் ஈரப்பதத்தை உயர்த்துகிறது. ஈரம் மிகுந்த காற்று மேலும் ஈரத்தை ஏற்க மறுக்கிறது. குருதி தோலின் பக்கம் திருப்பப்படுகிறது. தசைக்கும் தோலுக்கும் சேர்த்து ஊட்ட இதயம் விரைந்து துடிக்கிறது. நான் எண்ணிய 42 அதன் விளைவுதான். பகலெல்லாம் வெயிலை உண்ட சிமெண்டுத் தளம் மாலையில் அந்த வெப்பத்தைக் கீழே கக்கிக்கொண்டிருந்ததையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் நாட்டார் எழுதிய குறிப்புகளில் கருவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. விசிறியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. நம் ஊரில் அதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் காற்று, அதன்பிறகு கருவி.

அந்த வீடு முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். ஓட்டின் இடுக்குகள் வழியே வெப்பம் மேலே வெளியேறும். முற்றத்துக்கும் கொல்லைக் கதவுக்கும் நேராகக் காற்று ஓடும். மழை பெய்தாலும் உள்ளே சாரல் மட்டுமே வரும். தெருவில் போகிறவர் கண்ணுக்கும் தெரியாது. நம் முன்னோர் மிதிவண்டிப் பயிற்சிக்காகத் தாழ்வாரம் கட்டவில்லைதான். ஆனால் கட்டியிருந்தால் இதைவிட நன்றாகக் கட்டியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் தாழ்வாரம் ஆயாவின் இடம். அங்கேதான் அவருடைய கயிற்றுக் கட்டில். அங்கேதான் நெல் புடைப்பதும் காய் நறுக்குவதும். மூன்று வயதுத் தம்பி ஒருவன் அங்கேயே தவழ்ந்தும் நடந்தும் திரிந்தான். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆளெடுத்த விதிகளைக் கூறுகின்றன என்பதை வரலாற்றில் படித்திருப்பீர்கள். அந்த ஊரின் பக்கத்திலே வாழும் குடும்பம் அல்லவா? அன்றிரவு அவ்வீட்டிலும் ஒரு சபை கூடிற்று. முற்பகலும் மதியமும் தாழ்வாரம் ஆயாவுக்கு; விடியற்காலை ஒரு மணி நேரமும் அந்தி ஒரு மணி நேரமும் பேத்திக்கு. கட்டிலை மட்டும் அசைக்கக்கூடாது என்று ஆயா ஒரு விதி போட்டார். அவ்விதி எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது.

எப்படியென்றால், சுழலும் சக்கரம் குழந்தைகளுக்குப் பெரிய கவர்ச்சி. ஓடுகிற வண்டியின் சக்கரத்தில் யாரும் விரலை விடுவதில்லை. நின்ற இடத்தில் சுழலும் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆரக்கால்களுக்கிடையே சிறு விரல் அகப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. செயினும் பற்சக்கரமும் அதனினும் கொடியவை. ஆகவே வண்டியின் பின்புறத்தைச் சுவரை ஒட்டித் திருப்பி, திறந்த பக்கத்தில் ஆயாவின் கட்டில் வேலியாக அமையும்படி வைத்தோம். செயின் மூடியைக் கழற்றக்கூடாது என்றேன். தாவணியும் துப்பட்டாவும் தொங்கலாக உள்ள எந்த உடையும் ஆகாது. இவற்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை தவறியவனுக்கு அச்சம் அதிகம்.

தரை செம்மண் பூசிய பழைய தரை, மேடுபள்ளம் இருந்தது. தாங்கி ஆடினால் வண்டியின் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று அவர்களிடமே இருந்தது. அதைக் கழுவிப் பரப்பினோம். ஆட்டமும் நின்றது, ஒலியும் குறைந்தது. வியர்வையில் உள்ள உப்பு இரும்பைத் தின்னும் என்பதால் கைப்பிடியின் நடுவே ஒரு துண்டைக் கட்டி, ஓட்டி முடித்ததும் வண்டியைத் துடைக்கச் சொன்னேன். மேசை விசிறியை ஒரு முக்காலியின்மேல் முன்புறம், மார்பு உயரத்தில் வைத்தோம். மேலே தொங்கும் விசிறி தலையின்மேல் வீசுமே தவிர, மார்புக்கும் தொடைக்கும் அவ்வளவாகப் பயன்படாது. மின்கம்பி வியர்வை சொட்டும் தரையில் கிடக்கக்கூடாது; சுவரின் ஆணிகளில் மாட்டி உயரே கொண்டுவந்தோம். கை எட்டும் இடத்தில் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு செம்பு. மின்சாரம் நின்றுபோனால் ஓட்டமும் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மயிர்க்கூச்செறிந்தாலோ தலை சுற்றினாலோ உடனே இறங்கிவிட வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லாதபோது ஏறவே கூடாது.

முதல் வாரம் முடிவில் மீண்டும் நாடியை எண்ணினேன். அதே வேகத்தில், இருபதாம் நிமிடத்தில் 38.

இக்காலத்தில் நிலைமிதிவண்டியைக் கணினியோடு இணைத்து, திரையில் தோன்றும் மலைப்பாதைகளில் உலகத்தின் மறுகோடியில் இருப்பவரோடு பந்தயம் ஓட்டுகிறார்கள். 2020 டிசம்பரில் அதற்கு உலகப் போட்டியே நடந்தது. ஆடவர் பிரிவில் வென்ற ஜெர்மானியர் ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது படகு வலிக்கும் வீரராக இருந்தார் என்பது வேடிக்கை. நல்லதுதான். ஆனால் அந்தத் திரை நம் மாணவர்க்கு இன்றியமையாதது என்று நான் கருதவில்லை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. மூன்று நிமிடம் விரைவு, மூன்று நிமிடம் மெதுவு என்று அதைப் பார்த்து ஐந்தாறு முறை மாற்றி மாற்றி மிதித்தாள். அதுவே போதுமானதாக இருந்தது.

போதாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நகராத வண்டி காலுக்கும் மூச்சுக்கும் பயிற்சி தரும், கண்ணுக்குத் தராது. வளைவில் சாய்வது, கூட்டத்தில் இடம் பிடிப்பது, மணல் கண்ட இடத்தில் தடுக்கியை அமுக்காமல் இருப்பது ஆகிய இவை சாலையில்தான் வரும். ஹேமனும் கொட்டகையில் மிதித்ததனால் மட்டும் வெல்லவில்லை. அந்தப் பந்தயத்தைப் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர் அவர். வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் மிதிவண்டிப் பந்தயத் தடம் உண்டு. ஆனால் பள்ளி விட்டு அங்கே போய்வரும் தொலைவிலா நம் ஊர் இருக்கிறது? ஆகவே கட்டு அவிழ்த்து, மருத்துவரும் சரியென்ற பிறகு, சாலையைப் பற்றி மறுபடியும் அந்தத் தாயாரிடம் பேச வேண்டியதாயிற்று. நான் பேசத் தயங்கினேன். பேசியவர் ஆயா. ஒரு மாதமாகத் தம் கட்டிலில் அமர்ந்து பேத்தியின் உழைப்பை இரண்டு வேளையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தாமே. "பொழுது விடிந்த பிறகு, மாமன் பின்னாலே வண்டியில் வரட்டும்" என்று ஒரு தீர்ப்புக் கூறினார். கடைசிப் பத்து நாளும் அப்படியே நடந்தது.

போட்டியில் அவள் ஏழாவதாக வந்தாள். முதல் பத்துப் பேருக்குள் வந்ததற்காக ஒரு சான்றிதழ் கிடைத்தது. தாயார் அதைக் கையில் வாங்கி, ஈரக் கையாயிற்றே என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கினார்.

அந்த மாதமே சொர்ணவாரி நெல் அறுவடையாகி மூட்டைகள் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டன. வண்டி கொல்லையிலுள்ள மாட்டுக் கொட்டகைக்கு இடம் மாறியது. கீற்றுக் கூரை, நாற்புறமும் காற்று. உருளையின் ஒலிக்குப் பசு இரண்டு நாள் மிரண்டது. மூன்றாம் நாளிலிருந்து, அவள் ஏறி மிதிக்கத் தொடங்கியதும் அது படுத்து அசைபோடத் தொடங்கிவிடுகிறதாம்.